சமாதான நோட்டு

நவம்பர் 11
பள்ளி அலுவலகம், முதல் மணிக்கு முன்

அன்புள்ள குச்சிக்கு,

இயேசுவுக்கே புகழ். போன இரண்டு கடிதத்துக்கும் நீ பதில் போடவில்லை. போடாவிட்டால் போ, நானும் விடுவதாக இல்லை. போர்டிங்கில் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு என் போர்வையை இழுத்தவள்தானே நீ, உன் பிடிவாதம் எனக்குப் புதிதா?

நீ உன் தம்பி வீட்டுக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. தையல் அறையில் ஆறு மெஷினும் உறை போட்டபடி கிடக்கின்றன. தையல் டீச்சர் எப்போது வருவார் என்று கேட்டு எட்டாம் வகுப்புப் பெண்கள் என் உயிரை வாங்குகிறார்கள். தலைமையாசிரியை சிஸ்டர் என்று பெயர்தான், இதற்கு ஒரு பதில் சொல்ல எனக்கு வக்கில்லை.

நேற்று இங்கே ரணகளம். பத்தாம் வகுப்புத் தடியன்கள் இரண்டு பேர், பீடத்துக்குப் பூ வைப்பது யார் முறை என்று சண்டை. ஒருவன் பித்தளைப் பூச்சாடியால் மற்றவன் வாயில் ஒன்று விட்டான். முன்பல் இரண்டு சிற்றாலயத் தரையில் கிடந்தன. பீடத் துணி முழுக்க ரத்தம். நான் முதலில் ஆளுக்கு நாலு போட்டேன், என் மர அளவுகோல் முறிந்துபோனது. பிறகுதான் சமாதான நோட்டை எடுத்தேன். அடித்தவன் தான் செய்ததைச் சாக்குப்போக்கு இல்லாமல் தன் கையால் எழுதினான், அடிபட்டவன் முன்னால் சத்தமாகப் படித்தான், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கை கொடுத்தார்கள். விஷயம் முடிந்தது. இனி அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. நம் பள்ளியில் இருபது வருடமாக எந்தச் சண்டையும் போலீஸ் வரை போனதில்லை என்றால் அந்த நோட்டுதான் காரணம். சாம்பல் புதனுக்கு முந்தின நாள் அந்த வருடத்துப் பக்கங்களைக் காய்ந்த குருத்தோலைகளோடு சேர்த்து எரித்து, அந்தச் சாம்பலைத்தானே எல்லார் நெற்றியிலும் பூசுகிறோம். எனக்கு அதில் ஒரு கர்வமே உண்டு, பாவம்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் வீட்டுக்காரர் போன வியாழன் தானாகவே வந்து நோட்டைக் கேட்டார். நான் கூப்பிடவில்லை. விளையாட்டு மாஸ்டர், பிள்ளைகள் பயந்து நடுங்குகிற ஆள், என் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து ஒரு முழுப் பக்கம் எழுதினார். நான் படித்தேன். ஒன்றையும் மறைக்கவில்லை. தினமும் காலையில் சிற்றாலயத்தில் முழங்காலில் நின்று தேம்பித் தேம்பி அழுகிறார். இவ்வளவு வெளிப்படையாக எழுதுகிற மனிதர் திருந்தாமல் இருப்பாரா, நீயே சொல்.

வா. வந்து அந்தப் பக்கத்தில் உன் கையெழுத்தைப் போடு.

உன்மேல் கோபமும் உன் ஞாபகமுமாக,
வெங்கலம்

*

நவம்பர் 20
தம்பி வீடு

அன்புள்ள வெங்கலத்துக்கு,

மரியே வாழ்க. உன் குரலைப் போலவே உன் கடிதமும் நாலு வீட்டுக்குக் கேட்கிறது. தம்பி மனைவி கவரைப் பார்த்துவிட்டு, அண்ணி எப்போது கிளம்புகிறார்கள் என்று எழுதியிருக்கிறதா என்று தம்பியிடம் கேட்டாள். நல்லவள்தான். இரண்டு அறை வீட்டில் ஐந்து பேருக்கு நடுவில் நான் ஆறாவது.

அவர் அழுததைப் பார்த்தேன் என்கிறாய். நான் பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிறேன். அடித்து முடித்ததும் அழுவார். அடிக்கும்போது எண்ணுவார், அது உனக்குத் தெரியாது. டிரில்லில் எண்ணுகிற மாதிரியே, ஒன்று, இரண்டு, மூன்று என்று. எட்டு வந்ததும் திரும்ப ஒன்று. நான் கத்தினால் முதலிலிருந்து ஆரம்பிப்பார். அதனால் கத்தாமல் இருக்கப் பழகிவிட்டேன். 'குளியலறையில் வழுக்கிவிட்டது' என்று உன்னிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் நீ தைலம் கொடுத்தாய்.

அக்டோபரில் நடந்ததைத்தான் எழுதியிருப்பார். பாவாடைத் துணியின் பில் எங்கே என்று கேட்டார், தேடுகிறேன் என்றேன். என் தலைமுடியைப் பிடித்துத் தண்ணீர் டிரம்முக்குள் அமுக்கினார். மூக்கில் தண்ணீர் ஏறி எரிந்தது. டிரம்முக்குள்ளேயும் அவர் எண்ணுவது எனக்குக் கேட்டது.

கூடைப்பந்து ஆடிய பையன் ஒருவனுக்கு அவர் அடித்துக் காது கிழிந்ததே, அவன் அப்பா உன்னிடம் வந்து கத்தினாரே, அப்போதும் நீ நோட்டைத்தான் நீட்டினாய். அந்தப் பையன் கை கொடுத்தான். அடுத்த வாரம் வேறு பள்ளிக்குப் போய்விட்டான். அவனுக்குப் போக இன்னொரு பள்ளி இருந்தது.

எனக்குப் பயமாக இருக்கிறது, வெங்கலம். அவர் அடிப்பதற்குக்கூட இல்லை, ஒருநாள் என்னைக் கொன்றுவிடுவார் என்றுதான் பயம். அதற்குப் பிறகும் நீ வரச் சொன்னால் வருகிறேன். நான் உன்னிடம் எதற்கும் முடியாது என்று சொன்னதில்லை. சிஸ்டராக இல்லாமல், என் தோழியாக யோசித்து எழுது.

குச்சி

*

நவம்பர் 28
மடம்

அன்புள்ள குச்சிக்கு,

உன் கடிதத்தைச் சிற்றாலயத்தில் நற்கருணைக்கு முன்னால் வைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தோழியாகவும் யோசித்தேன், சிஸ்டராகவும் யோசித்தேன். இரண்டிலும் ஒரே பதில்தான் வந்தது. வா.

நீ எழுதிய டிரம் விஷயம் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. நீ எழுதியதைவிட அதிகமாகவே எழுதியிருக்கிறார். அதனால்தான் நம்புகிறேன். பாதியை மறைத்திருந்தால் நானே அவரை வெளியே தள்ளியிருப்பேன்.

உன் பாதுகாப்புக்கு ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறேன். சிற்றாலயத்தில் நாம் மூன்று பேர் மட்டும் இருக்க அவர் படிக்கட்டும். ஆனால் கை கொடுப்பது காலை அசெம்பிளியில், அறுநூறு பிள்ளைகள் முன்னால் நடக்கட்டும். அறுநூறு ஜோடிக் கண் பார்த்த பிறகு எந்த ஆணுக்கு உன்மேல் கை ஓங்கத் தைரியம் வரும்? மாஸ்டரிடம் சொன்னேன். சரி என்றார்.

நான் பொறுப்பு. உன் தம்பியிடமும் அப்படியே சொல், சிஸ்டர் பொறுப்பேற்றுக்கொண்டார் என்று. திங்கள்கிழமை பஸ்ஸுக்கு நானே வந்து நிற்கிறேன்.

வெங்கலம்

*

ஜனவரி 24
அரசு மருத்துவமனை, பெண்கள் வார்டு

சிஸ்டருக்கு,

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிண்டிய மாதிரி இருக்கும். நீங்கள் மூன்று நாள் வார்டு வாசலில் நின்றதாகத் தம்பி சொன்னான். உள்ளே விட வேண்டாம் என்று சொன்னது நான்தான். இனி நிற்க வேண்டாம்.

என்ன நடந்தது என்று நீங்கள் பலர் வாயால் கேட்டிருப்பீர்கள். என் வாயாலும் கேளுங்கள்.

ஆறு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அசெம்பிளியில் பிள்ளைகள் கை தட்டினார்களே, அந்தச் சத்தம் அவன் காதிலேயே இருந்திருக்கிறது. ஜனவரி 13 மத்தியானம் மைதானத்தில் இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று அவனிடம் போய், 'சார், டீச்சர் உங்களை மன்னிச்சிட்டாங்களா?' என்று கேட்டதாம். பாவம், கேட்கிற வயது. பெரிய பையன்கள் சிரித்திருக்கிறார்கள். அவன் அந்தக் குழந்தையைத் தொடவில்லை. விசிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்தான்.

நான் சட்டைக்குக் காலர் வெட்டிக்கொண்டிருந்தேன். கதவைத் தாழ் போட்டான். முதல் அடியிலேயே தாடை போய்விட்டது. கீழே விழுந்ததும் என் வலது கையை இழுத்து வாசற்படிக் கல்லில் வைத்து மணிக்கட்டில் முழங்காலை ஊன்றினான். குண்டு எறிதலுக்கு உள்ள இரும்புக் குண்டு, பள்ளியுடையது, போட்டிக்கு எடை பார்க்க வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். அதை எடுத்து எண்ணினான். எட்டு வரைக்கும். இந்தத் தடவை நான் கத்தினேன். அவன் முதலிலிருந்து ஆரம்பித்தான்.

எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் கதவை உடைத்தார். அவர் உள்ளே வந்தபோது அவன் அழுதுகொண்டிருந்தான்.

இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். கட்டைவிரல் இனி மடங்காதாம். டாக்டர் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். நான் சொல்லவில்லை.

— தையல் டீச்சர்

*

ஜனவரி 31
மடம்

என் குச்சி,

சிஸ்டருக்கு என்று எழுதியிருக்கிறாய். அடித்துவிட்டாய். அடி, நான் வாங்கிக்கொள்கிறேன்.

அவன் ஜாமீனில் வந்ததும் நேராகப் பள்ளிக்கே வந்தான். சம்பளச் சான்று வேண்டுமாம். என் மேஜைக்கு எதிரே அதே நாற்காலியில் உட்கார்ந்து, 'படியில் விழுந்தா சிஸ்டர், குண்டு உருண்டு மேல விழுந்துடுச்சு' என்றான். எழுந்து போய் அறைந்தேன். இரண்டாவது அறைக்கு என் கையைப் பிடித்து முறுக்கிச் சுவரில் மோதினான். பின்மண்டையில் நாலு தையல். கிளார்க் வந்து இழுத்துப் பிரித்தார். போலீஸுக்குப் போக வேண்டாம், பள்ளி பெயர் கெட்டுவிடும் என்று எங்கள் சபையின் பெரிய மதர் போனில் சொன்னார். நான் சரி என்றேன். இருபது வருடமாகச் சரி என்று சொல்லியே பழகிவிட்ட வாய்.

பெற்றோர் சங்கம் அவன் பக்கம். மாவட்டக் கோப்பை வாங்கிக் கொடுத்தவன் அல்லவா.

உனக்காகத் தினமும் செபமாலை சொல்கிறேன் என்று எழுத வந்தேன். அதை வைத்து நீ என்ன செய்வாய்?

வெங்கலம்

*

பிப்ரவரி 12
தம்பி வீடு

சிஸ்டருக்கு,

செபமாலை வேண்டாம். எனக்கு ஒரு பக்கம் வேண்டும்.

நான் தடுமாறி விழுந்தேன் என்றும் அதற்கு முன்னால் என்னை ஒருநாளும் தொட்டதில்லை என்றும் அவன் வக்கீல் எழுதிக் கொடுத்திருக்கிறார். எலக்ட்ரீஷியன் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது, அடித்ததை அவர் பார்க்கவில்லை. என்னைத் தவிர சாட்சி இல்லை. பன்னிரண்டு வருடம் குளியலறையில் வழுக்கினேன் என்று சொன்னது நானேதான், அதையும் கோர்ட்டில் கேட்பார்கள். நேற்று தம்பி வேலை செய்யும் இடத்துக்கு அவன் போன் போட்டான். வழக்கு தள்ளுபடி ஆகட்டும், மிச்சத்தை முடித்து வைக்கிறேன் என்றானாம்.

அவன் தன் கையால் எழுதிய பக்கம் உங்கள் நோட்டில் இருக்கிறது. கீழே என் கையெழுத்து இருக்கிறது, உங்கள் கையெழுத்தும் இருக்கிறது. அது இருந்தால் அவன் உள்ளே போவான். இல்லையென்றால் நான் போவேன், குழிக்குள்.

சாம்பல் புதன் பதினெட்டாம் தேதி. பதினேழு சாயங்காலம் நீங்கள் எரிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பதினாறாம் தேதி தம்பி வருவான். அவனிடம் கொடுங்கள்.

நோட்டில் எழுதியதை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. அந்த விதியை நம்பித்தான் நான் பஸ் ஏறினேன்.

*

பிப்ரவரி 18
மடம், சாம்பல் புதன்

குச்சி,

உன் தம்பி வந்தபோது நான் சபைக் கூட்டத்தில் இருப்பதாக வாட்ச்மேனிடம் சொல்லச் சொன்னேன். பொய். ஜன்னல் வழியாக அவனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றான்.

பதினேழாம் தேதி பெரிய மதர் வந்தார். நோட்டை விரித்து எல்லாப் பக்கத்தையும் பார்த்தார். அதில் அவன் எழுதியது ஒரு பக்கம் மட்டும் இல்லை, உனக்கே தெரியும். நாலு பிள்ளைகளை அவன் அடித்தது இருக்கிறது, ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து இருக்கிறது. ஒரு பக்கம் கோர்ட்டுக்குப் போனால் நோட்டே போகும், நோட்டு போனால் பள்ளியை மூட வேண்டியதுதான் என்றார். சபையில் சேரும்போது நான் கொடுத்த கீழ்ப்படிதல் வார்த்தைப்பாட்டை எனக்கு ஞாபகப்படுத்தினார். 'எப்பவும் செய்றதைத்தானே செய்யச் சொல்றேன்' என்றார்.

எரித்தேன்.

கட்டாயப்படுத்தினார்கள் என்று எழுதலாம், பேனா அப்படித்தான் ஓடப் பார்க்கிறது. யாரும் என் கையைப் பிடிக்கவில்லை. உன் கடிதம் என் அங்கிப் பையில் இருந்தது. அந்தப் பக்கம் உன் உயிர் என்று தெரிந்தே கிழித்து நெருப்பில் போட்டேன். பள்ளி போய்விடும் என்று பயந்தேன், என் பெயர் போய்விடும் என்று அதைவிட அதிகமாகப் பயந்தேன்.

இன்று காலை அந்தச் சாம்பலை ஃபாதர் எல்லார் நெற்றியிலும் பூசினார். அறுநூறு பிள்ளைகள். அவனும் வரிசையில் வந்தான். எனக்கும் பூசினார்கள். கழுவிவிட்டேன், போய்விட்டது. இன்னும் தேய்த்துக்கொண்டே இருக்கிறேன், தோல் உரிந்து ரத்தம் வந்துவிட்டது.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். வேறு என்ன கேட்பதென்று எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

வெங்கலம்

*

ஏப்ரல் 6

குச்சி,

நீ பதில் போடவில்லை. இந்தத் தடவை உன் பிடிவாதம் என்று நான் சொல்லமாட்டேன்.

உன் வழக்கை நடத்தும் அரசு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். சாட்சிகள் பட்டியலில் என்னைச் சேர்க்கச் சொன்னேன். பக்கம் இல்லை, ஆனால் அவன் வாயால் படித்ததைக் காதால் கேட்டவள் நான். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நீங்கள் எரித்ததையும் சொல்ல வேண்டி வரும் என்றார். சொல்கிறேன் என்றேன்.

பெரிய மதருக்கு எழுதிவிட்டேன். அனுமதி கேட்கவில்லை, தகவல்தான் சொன்னேன். எனக்குத் தெரிந்து நான் முதல் தடவையாகச் செய்கிற கீழ்ப்படியாமை இது. உனக்கு இரண்டு மாதம் முந்தியே தேவைப்பட்டது.

இதற்கும் பதில் போட வேண்டாம்.

*

செப்டம்பர் 15
பஸ் ஸ்டாண்டுக்குப் பின் தெரு, மாடி அறை

வெங்கலத்துக்கு,

தீர்ப்பு வந்தது உனக்குத் தெரிந்திருக்கும். பத்து வருடம். அவன் கூண்டிலிருந்து இறங்கும்போது என்னைப் பார்த்து எண்ண ஆரம்பித்தான். மூன்று சொல்வதற்குள் போலீஸ்காரர் பிடரியில் ஒன்று போட்டு வேனில் ஏற்றினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லமாட்டேன்.

நீ கூண்டில் நின்றதை நான் கடைசி பெஞ்சில் இருந்து பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்தை நீ வரி விடாமல் ஒப்பித்தாய். 'அவ தலையைத் தண்ணிக்குள்ள அமுக்கி இருபத்தி நாலு எண்ணினேன். அவ சாகணும்னுதான் எண்ணினேன்.' நீ அதைச் சொன்னபோது நீதிபதியே பேனாவைக் கீழே வைத்தார். அவன் வக்கீல் உன்னை விடவில்லை. இதைப் படித்த பிறகும் ஏன் அந்தப் பெண்ணைத் திரும்ப அனுப்பினீர்கள் என்று மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை அவரை நேராகப் பார்த்துச் சொன்னாய்.

'நல்லா எழுதியிருந்தார் ஐயா. அதனால நம்பிட்டேன்.'

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் மடத்தில் கல் விழுந்ததையும் கேள்விப்பட்டேன். பெற்றோர் சங்கமும் அவனிடம் ஆடிய பழைய பையன்களும் சேர்ந்து சிற்றாலயக் கண்ணாடி ஒன்றைக்கூட விடவில்லையாமே. சமையல் சிஸ்டருக்கு மண்டை உடைந்ததாகவும், உன்னை வாசலுக்கு இழுத்து முக்காட்டைக் கிழித்து விலாவில் மிதித்ததாகவும் எலக்ட்ரீஷியன் வந்து சொன்னார். அதில் காது கிழிந்த பையனின் அப்பாவும் இருந்தாராம். அவர் கல் எறியவில்லையாம், உன் எதிரே நின்று, 'அன்னைக்கு ஏன் சொல்லல?' என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

அதைக் கேட்டபோது நான் அழுவேன் என்று நினைத்தேன். அழவில்லை. உனக்கும் ஒரு நாள் வலிக்கட்டும் என்று நினைத்தேன். இதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை.

உன்னை ஓய்வு இல்லத்தில் போய் வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லியிருக்கிறார்களாம், முடியாவிட்டால் சபையை விட்டுப் போகச் சொல்லியிருக்கிறார்களாம். ஐம்பத்தோரு வயதில் கையில் ஒரு பெட்டியோடு நீ எங்கே போவாய்? உனக்குத் தெருவில் ஆட்டோவை நிறுத்தக்கூடத் தெரியாது.

நான் உன்னை மன்னிக்கவில்லை. இனிமேல் மன்னிப்பேனா என்றும் தெரியவில்லை. நீ கேட்கக் கூடாது. இந்த வீட்டில் யாரும் யாருக்கும் கை கொடுக்க வேண்டாம், எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். என் வலியைப் பற்றி நான் பேசுவேன், எத்தனை தடவை வேண்டுமானாலும் பேசுவேன், நீ முடிந்துவிட்டது என்று சொல்லாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

ஒரு மெஷின் வாங்கியிருக்கிறேன். இடது கையால் வெட்டப் பழகிவிட்டேன். காஜா எடுக்க முடியவில்லை, பொத்தான் தைக்க முடியவில்லை. உனக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது என்று தெரியும். கற்றுக்கொள்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் பின்பக்கம் இரண்டாவது தெரு, இரும்புக் கடைக்கு மேலே. கட்டில் ஒன்றுதான் இருக்கிறது, அது எனக்கு. நீ தரையில் படுத்துக்கொள்.

குச்சி